காதுப் பெட்டி

பிப்ரவரி 4
பட்டறை, சூளை ஆறிக்கொண்டிருக்கும் நேரம்

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பல் விழுந்த என் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணன் வழக்கம்போல் சாப்பிட மறந்து, பிறகு நான் சாப்பாடு போடவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன் பண்ணினால் என்ன, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று போன தடவை சலித்துக்கொண்டாய். பண்ணலாம். ஆனால் நீ பேசுவதில் பாதிதான் காதில் விழுகிறது, மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் வலது காது போய்க்கொண்டிருக்கிறது. இடது பரவாயில்லை, ஆனால் அதுவும் முன்போல இல்லை.

மற்றவர்களுக்கு என்றால் கண்ணாடி போடுவதைப் போல ஒரு மிஷின் மாட்டிக்கொண்டு போய்விடலாம். என் பிழைப்பே காதுதான் என்று உனக்குத் தெரியும். மின்கம்பத்தில் உட்காரப் போகும் பீங்கான் ஒவ்வொன்றையும் சூளையிலிருந்து எடுத்ததும் மரச் சுத்தியால் தட்டிப் பார்ப்பவள் நான். நல்லது மணி மாதிரி நின்று ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்டது உடனே அமுங்கிப்போகும். இருபது வருஷமாக நான் "சரி" என்றால் சரி, வண்டியில் ஏறிவிடும். இப்போது கம்பெனிக்காரர்கள் இரண்டு லோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு லோடு திரும்பினால் நம்மிடம் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை விட்டால் நமக்கு வேறு ஆள் கிடையாது. பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். காது விஷயம் அவர்கள் யாருக்கும் தெரியாது. உன் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும்.

உன் அண்ணன் சும்மா இருப்பாரா? ஒரு பெட்டி செய்திருக்கிறார். உள்ளே ஒரு சின்னச் சுத்தி தட்டும், மைக் கேட்கும், பழைய கம்ப்யூட்டர் ஒன்று நல்லதா கெட்டதா என்று சொல்லும். யாரும் இல்லாதபோது ஒழுங்காகச் சொல்கிறது. பக்கத்தில் மண் அரைக்கும் மிஷின் ஓடினால் போதும், எல்லாமே விரிசல் என்று ஒப்பாரி வைக்கிறது. நல்ல சாமான் போட்டு, தெரிந்தவர்கள் யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

சின்னப் பட்டறைக்காரர்கள் புதுசாக ஏதாவது கண்டுபிடித்தால் மாநில அரசு கைகொடுக்கும் திட்டம் ஒன்றை நீதான் நடத்துகிறாய் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். அதில் நாங்கள் மனுப் போடலாமா? போட்டால் உனக்குச் சங்கடமா? மனசில் பட்டதைச் சொல்.

அன்புடன்,
அண்ணி

•

பிப்ரவரி 13
அலுவலகம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். காதைப் பற்றி இவ்வளவு நாள் எனக்குக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். அதற்குச் சண்டை நேரில்.

மனுப் போடுங்கள். கட்டாயம் போடுங்கள். இந்தத் திட்டம் ஆரம்பித்ததே அண்ணன் மாதிரி ஆட்களுக்காகத்தான். எங்களிடம் வருபவர்களைப் பார்த்தால் நீங்கள் அசந்துபோவீர்கள். லாண்டரிக்காரர் ஒருவர் துணி அலசிய வெந்நீரின் சூட்டை வீணாக்காமல் அடுத்த தண்ணீருக்கு ஏற்றக் குழாய் அமைத்திருக்கிறார். பூட்டு செய்யும் ஒரு அம்மா, பார்வை இல்லாதவர்கள் தடவிப் பார்த்தே எண்களைத் தெரிந்துகொள்ளும் பூட்டு கொண்டு வந்தார். இவர்களுக்கெல்லாம் மூளை இருக்கிறது, செய்து பார்க்கும் தைரியம் இருக்கிறது, தப்பாகிவிட்டால் தாங்குவதற்குத்தான் வசதி இல்லை. அந்த ஒன்றை மட்டும் அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. செலவில் பாதி தருகிறோம். அரசுச் சோதனைக்கூடத்தையும் அங்கே இருக்கும் இன்ஜினியர்களையும் உங்களுக்குத் திறந்துவிடுகிறோம். உண்மையில் பணத்தைவிட அதுதான் பெரிய உதவி.

ஒரே ஒரு விஷயம், அண்ணி. உங்கள் மனு இந்தக் கட்டடத்துக்குள் வந்த நாளிலிருந்து முடிவு வெளியாகும் வரைக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீங்கள் எழுதினாலும் பதில் சொல்லமாட்டேன். அண்ணனிடமும் கேட்கமாட்டேன். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். அண்ணன் எத்தனை வேளை சாப்பிட மறந்தார் என்பது உள்பட.

உங்கள்,
வாலு

•

மார்ச் 22
பட்டறை

அன்புள்ள அதிகாரி அம்மாவுக்கு,

மனுப் போட்டாகிவிட்டது. அலைக்கழிப்பார்கள் என்று செருப்பு தேய்வதற்குத் தயாராகத்தான் போனேன். அங்கே இருந்த பையன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க பெட்டி என்ன செய்யும்னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க, ஏன் வேணும்னு எழுதவே இல்லையே" என்றான். காதைப் பற்றி எழுதக் கூசியது. திருப்பி வந்த லோடுகளைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அப்புறம், மனுப் போட்ட எல்லோருக்கும் ஆரம்ப உதவி என்று சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். வந்ததும் மைக்கைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டார். பீங்கான் மேலேயே ஒட்டி அதன் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஒரு வில்லையைக் காட்டினார். காற்றில் வரும் சத்தம் அதற்குக் கேட்காதாம். மண் மிஷின் பக்கத்திலேயே ஓடட்டும், கவலையில்லை. உன் அண்ணனும் அந்தப் பெண்ணும் இரண்டு நாள் தலையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர் தானாகவே எழுந்து வந்து சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள். அரசாங்கச் சம்பளத்தில் இவ்வளவு ஆசையாக வேலை பார்ப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆட்கள் அதற்குக் காதுப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று எனக்கும் உன் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

பதில் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டாய், தெரியும். ஆனாலும் "நல்லது அண்ணி" என்று இரண்டு வார்த்தை எழுதினால் உன் நாற்காலி உடைந்துவிடுமா?

அண்ணி

•

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் தானாகவே எழுந்து வந்து சாப்பிட்ட செய்தியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

இங்கே எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. ஓய்வூதியப் பிரிவு. கீழ்த்தளம், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். மின்விசிறி சுற்றும், காற்று வராது. உங்கள் மருமகளுக்கு முன்பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடித்துப் பார்க்கிறாள். காதுக்கு நல்ல டாக்டர் ஒருவர் பெயரை வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போய்ப் பாருங்கள்.

உங்கள்,
வாலு

•

மே 17
வீடு

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லாம் கெட்டுப்போய்விட்டது. கெடுத்தவள் நான்தான்.

நேற்றுத் தேர்வுக் குழு வந்தது, மூன்று பேர். தலைவர் நரைத்த மீசைக்காரர், முன்னாள் இன்ஜினியர். உன் அண்ணன் ஒரு தட்டு நிறைய நல்ல பீங்கான்களை அடுக்கி, நடுநடுவே விரிசல் விட்ட ஐந்தைக் கலந்து வைத்திருந்தார். பெட்டி அந்த ஐந்தையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

அவர்கள் வரத் தாமதமானது. நான் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். படபடப்பு. கையில் சுத்தி. என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டி, அமுங்கியதையெல்லாம் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன். இருபது வருஷப் பழக்கம். விருந்தாளி வரும்போது விரிசல் விட்டது மேசையில் இருக்கலாமா?

அவர்கள் வந்தார்கள். "இதுல அஞ்சு கெட்டது இருக்கு சார்" என்று உன் அண்ணன் சொன்னார். பெட்டி தட்டிக்கொண்டே போனது. நல்லது, நல்லது, நல்லது. அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் கெட்டது என்று தள்ளியது. தலைவர் அதை எடுத்து என்னிடம் நீட்டி, "நீங்கதானேம்மா எப்பவும் பார்க்கிறது, நீங்க சொல்லுங்க" என்றார். தட்டினேன். நன்றாகவே ஒலித்தது. உன் அண்ணனைப் பார்க்காமல், "இது நல்லதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய் சொல்லச் சொன்னால் வரும், பீங்கான் விஷயத்தில் மட்டும் வராது.

ஆக, ஐந்து கெட்டது இருக்கிறது என்று சொன்ன இடத்தில் பெட்டி ஒன்றைத்தான் பிடித்தது, பிடித்ததும் தப்பு. அவர்கள் ஜீப்பில் ஏறும்போதுதான் பேக்கிங் பெண் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இந்த நாலும் தட்டுல இருந்ததுதானே" என்று கேட்டாள். ஓடிப் போய்ச் சொன்னேன். தலைவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "இனிமே நீங்க எதைக் காட்டினாலும் என்னால கணக்கில எழுத முடியாதும்மா. இந்த ஒண்ணை மட்டும் கொண்டு போறேன். இதை உடைச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு எழுதணும், அதுதான் விதி" என்றார்.

வாலு, அது நல்ல பீங்கான். ஐந்து என்பது உன் அண்ணன் பெட்டியை நம்பி எண்ணியது, நான் தட்டியதில் நாலுதான் கெட்டது. உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, பெட்டி உதவாது என்று எழுதிவிடுவார்கள். உன்னிடம் இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை. அதை உடைக்க வேண்டாம், இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து பாருங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாற்றலானால் என்ன, உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். உன் அண்ணன் நேற்றிலிருந்து என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி

•

மே 26

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் உங்களைக் குறை சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுத முடியாது. மன்னியுங்கள்.

டாக்டரைப் பார்த்தீர்களா? தூங்குகிறீர்களா? உங்கள் மருமகள் உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாக இருப்பது நீங்கள்.

உங்கள்,
வாலு

•

ஜூன் 4

வாலுவுக்கு,

படம் கிடைத்தது. குழந்தைக்கு என் முத்தம்.

நீ கல்யாணமாகாத பெண்ணாக இருந்தபோது உன் படிப்புக்காக உன் அப்பாவிடம் வாதாடியவள் நான். சொல்லிக்காட்டக் கூடாதென்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். விதி விதி என்கிறார்கள், அதை எழுதியவனுக்குக் குடும்பம் இருந்திருக்காது. இனிமேல் நான் எழுதப்போவதில்லை.

அண்ணி

•

ஆகஸ்ட் 29
பட்டறை, சூளைக்குப் பக்கத்து மேசை

என் செல்ல வாலுவுக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். நீ நடுவில் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, அந்த அளவுக்கு அல்பமாக இருந்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நரைமீசைக்காரர் இருந்தார், இங்கே வந்த அந்தப் பெண் இன்ஜினியரும் இருந்தார். மேசையில் அந்தப் பீங்கான் இரண்டாக உடைந்து கிடந்தது. சிவப்புச் சாயத்தில் போட்டு, அழுத்தம் கொடுத்து ஊறவைத்து உடைத்திருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்ற பீங்கானுக்குள்ளே தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ஒரு ஓரத்திலிருந்து நடு வரைக்கும் போயிருந்தது. அது கம்பத்தில் ஏறியிருந்தால் முதல் மழையிலேயே வெடித்திருக்கும் என்றார் அந்தப் பெண்.

பெட்டி சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு.

தொட்டியில் போட்ட நான்கையும் கண்டுபிடித்த நான் இந்த ஐந்தாவதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார், அத்தனை பேர் முன்னால். அங்கேயே அழுதேன். காது போனதற்கா, பெட்டி பிழைத்ததற்கா என்று கேட்காதே, இரண்டுக்கும்தான். ஆளும் மிஷினும் வேறு வேறாகச் சொன்ன ஒரு பீங்கானில் மிஷின் சொன்னதே சரியென்று வந்ததால், போன மாதம் வாங்கிப் போன பெட்டியில் இன்னும் இரண்டு தட்டு நிறைய வைத்து அங்கேயே சோதித்திருக்கிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. உதவி உறுதியாகிவிட்டது, மூன்று வருஷத்துக்கு. உத்தரவு கையில் இருக்கிறது. கம்பெனிக்காரர்களும் இன்றைக்கே வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, அடுத்த லோடு எப்போது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கிளம்பும்போது நரைமீசைக்காரரிடம், உடைத்துப் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாதென்று விதி வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க நாத்தனார்தாம்மா. திட்டம் ஆரம்பிச்சப்பவே எழுதினாங்க. ஆளை நம்பி மிஷினைத் தள்ளக் கூடாது, மிஷினை நம்பி ஆளையும் தள்ளக் கூடாது, பொருளை உடைச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு எங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டு வாங்கின விதி" என்றார். அப்புறம், இப்போது சொன்னால் தப்பில்லை என்று சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். எங்கள் மனு வந்த அன்றைக்கே, இது என் அண்ணன் பட்டறை, எனக்கு வேறு பிரிவு கொடுங்கள் என்று நீயே போய்க் கேட்டாயாம். மனுவை மட்டும் வேறொருவர் பார்க்கட்டும், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொன்னார்களாம். நான் அந்த அறையில் இருந்தால் என் முகத்தைப் பார்த்தே மார்க் போடுவார்கள் என்றாயாம்.

அடிப் பாவி. ஆசை ஆசையாக நீ கட்டிய திட்டத்தை விட்டுவிட்டு, காற்று வராத மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாய். எனக்கு மாற்றலாகிவிட்டது என்று ஒரே வரியில் எழுதினாய். நானோ உன் நாற்காலி உடைந்துவிடுமா என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தால் அந்தப் பீங்கானை உடைத்திருக்கவே மாட்டார்கள், பெட்டி சொன்னதுதான் சரி என்று யாருக்கும் தெரிந்திருக்காது. விதியை எழுதியவனுக்குக் குடும்பம் இருந்திருக்காது என்றேனே, அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

இன்றைக்குக் காலையில் பதினான்கு பேரையும் உட்கார வைத்து என் காதைப் பற்றிச் சொன்னேன். பேக்கிங் பெண், "அது எங்களுக்குப் போன வருஷமே தெரியும்க்கா" என்றாள். ஒருவர்கூட இதுவரை வாயைத் திறக்கவில்லை. நான்தான் யாருக்கும் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் போல ஒருத்தி அந்த மாதிரி நாற்காலியில் இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து போய் மனுக் கொடுக்க முடிகிறது. இதை நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

முடிவு வெளியாகிவிட்டது, வாலு. இனிமேல் நீ கேட்கலாம்.

என்றும் உன்,
அண்ணி

•

செப்டம்பர் 3
ஓய்வூதியப் பிரிவு

அன்புள்ள அண்ணி,

பெட்டி எவ்வளவு பெரிசு? மேசை மேல் வைக்கிற மாதிரியா, தரையில் நிற்கிற மாதிரியா? என்ன நிறம்? உள்ளே இருக்கும் சுத்தி மரமா, இரும்பா? ஒரு பீங்கானை எத்தனை தடவை தட்டும்? அந்த வில்லையை எதை வைத்து ஒட்டினார்கள்? ஈரமான பீங்கான் வந்தால் என்ன செய்யும்? கெட்டது என்றால் விளக்கு எரியுமா, மணி அடிக்குமா? அண்ணன் அதை முதன்முதலில் யாரிடம் ஓட்டிக் காட்டினார்? உங்களிடம்தானே? என்ன சொன்னீர்கள்? மைக்கைத் தூக்கிப் போட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது?

பிப்ரவரியிலிருந்து இதையெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் மருமகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் எனக்காக நீங்கள் வாதாடியது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் அந்த இரண்டு வரிப் பதிலை எழுத ஒரு வாரம் ஆனது. அந்த வரியைக் கிழிக்கமாட்டேன். எனக்கு அதுவும் வேண்டும்.

உங்களுக்கு உதவி நடக்கும் மூன்று வருஷமும் நான் இங்கேதான் இருப்பேன். வருத்தப்படாதீர்கள். இங்கே வரும் பெரியவர்கள் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், மின்விசிறியைக்கூட ஒருவர் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார். அவரிடம்கூட ஏதோ ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைப்பது முதல் வேலை. இரண்டாவது வேலை, பெட்டியை என் கையால் ஓட்டிப் பார்ப்பது. விரிசல் விட்டதாக ஐந்து எடுத்து வையுங்கள். நான் வந்து சேரும் வரைக்கும் தயவுசெய்து அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

உங்கள்,
வாலு